3 வயசு குழந்தைக்கு மனநல சிகிச்சையா? 33 பக்கக் கடிதத்திலிருந்து ஆட்டிசத்தை அடையாளம் கண்ட லியோ கேனர் யார்?

செஞ்சி பக்கம் ஒரு குழந்தை 3 வயசாகியும் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், வீட்டில் முதலில் வரும் பதில், "அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினார்". அடுத்து மேல்மலையனூர் அமாவாசை. அதற்கும் சரியாகவில்லை என்றால் பேச்சு தாயின் பக்கம் திரும்பும். போன் கொடுத்துக் கெடுத்தா, கொஞ்சி வளர்க்கல, வேலைக்குப் போனா.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்ல. 1930களில் அமெரிக்காவில் வசதியான வீட்டிலும் இதேபோல்தான் நடந்தது. அந்தக் குழந்தையைக் கடைசியாகப் பார்த்த டாக்டர்தான் லியோ கேனர்.

யார் இவர்?

1894 ஜூன் 13-ம் தேதி, அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரி பேரரசில், இன்றைய உக்ரைனில் இருக்கும் ஒரு சின்ன கிராமத்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசில் கவிஞராகத்தான் ஆசைப்பட்டார். கவிதைகளைப் பதிப்பிக்க ஆள் கிடைக்கவில்லை. பெர்லினில் மருத்துவம் படித்தார். முதல் உலகப்போரில் ராணுவ மருத்துவப் பிரிவில் வேலை செய்தார். 1924-ல் அமெரிக்கா போய், தெற்கு டகோட்டாவில் ஒரு அரசு மனநல மருத்துவமனையில் சேர்ந்தார்.

1928-ல் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்தார். 1930-ல் குழந்தைகள் மருத்துவப் பிரிவுக்குள்ளேயே குழந்தைகளுக்கான மனநல கிளினிக்கைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் சின்னக் குழந்தைக்கு மனநலப் பிரச்சனை வரும் என்பதையே பலர் ஏற்கவில்லை. 1935-ல் அவர் எழுதிய 'குழந்தை மனநல மருத்துவம்' நூல்தான் இந்தத் துறைக்கு ஆங்கிலத்தில் வந்த முதல் பாடப்புத்தகம்.

கேனருக்கு இன்னொரு முகமும் உண்டு. பால்டிமோர் அருகே மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான அரசு இல்லத்திலிருந்து 166 பேரை நீதிமன்ற உத்தரவு வாங்கி வெளியே எடுத்து, அவர்களில் பெரும்பாலான பெண்களைப் பணக்கார வீடுகளுக்குச் சம்பளமில்லாத வேலைக்காரிகளாக அனுப்பியிருந்தார்கள். 1937-ல் அதை அம்பலப்படுத்தியவர் இவர்தான்.

டொனால்டுக்கு என்ன ஆச்சு?

மிசிசிப்பி மாநிலம் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர். அப்பா வக்கீல், அம்மா வங்கி நடத்தும் குடும்பத்துப் பெண். 1933 செப்டம்பரில் பிறந்த டொனால்டு டிரிப்லெட், ஒரு வயசிலேயே பாட்டுகளை ராகம் பிசகாமல் முனகினான். இரண்டரை வயசுக்குள் பைபிளின் ஒரு சங்கீதத்தை மனப்பாடமாகச் சொன்னான். ஆனா அப்பா வீட்டுக்கு வந்தால் நிமிர்ந்து பார்க்க மாட்டான். பாத்திரத்தைத் தரையில் சுழல விட்டுக்கொண்டே இருப்பான். அதை நிறுத்தினால் கத்துவான்.

அன்றைய டாக்டர்களிடம் இதற்கு இருந்த 'தீவிர சிகிச்சை' ஒன்றுதான்: வீட்டிலிருந்து பிரிப்பது. 1937 ஆகஸ்டில், 4 வயசுகூட ஆகாத டொனால்டை, பலவீனமான குழந்தைகளுக்கான ஒரு அரசு இல்லத்தில் சேர்த்தார்கள். பெற்றோர் மாதம் இரண்டு முறைதான் பார்க்கலாம். அங்கே குழந்தை இன்னும் சுருங்கிப் போனான். விளையாட்டு இல்லை. சுமார் ஒரு வருஷம் கழித்து பெற்றோர் அழைத்துவர முடிவு செய்தபோது, இல்லத்தின் இயக்குநர் அங்கேயே விட்டுவிடச் சொன்னார். அவர்கள் கேட்கவில்லை. இந்தக் கதையில் பெரிய முடிவு அதுதான். எடுத்தது டாக்டர் இல்லை, அப்பா அம்மா.

1938-ல் பால்டிமோருக்குக் கிளம்புவதற்கு முன்னாடி, அப்பா கேனருக்கு 33 பக்கம் டைப் செய்த கடிதம் அனுப்பினார். குழந்தை என்ன சாப்பிட்டான், எந்த வார்த்தையை எப்போது சொன்னான், எதற்கு அழுதான் என எல்லாம் அதில் இருந்தது. கேனர் அதை 'பெற்றோர் மிகைப்படுத்துகிறார்கள்' என்று ஒதுக்கவில்லை. முழுக்கப் படித்தார். இரண்டு வாரம் குழந்தையைக் கவனிக்க ஏற்பாடு செய்தார். அவசரமாக ஒரு நோயின் பெயரை ஒட்டாமல், அதே மாதிரி மற்ற குழந்தைகளைத் தேடினார்.

1943-ல் 11 குழந்தைகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வந்தது. 8 ஆண், 3 பெண். முதல் குழந்தை 'டொனால்டு டி'. இதற்குப் பிறகுதான் ஆட்டிசம் தனி நிலையாக உலகத்துக்குத் தெரிந்தது. வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இதே போன்ற குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை அடுத்த வருஷம், 1944-ல் வந்தது.

தாய்மேல் விழுந்த பழி

கேனரின் பெரிய சறுக்கலும் இங்கேதான். இந்தக் குழந்தைகளின் பெற்றோரில் பலர் பாசத்தைக் காட்டாதவர்கள் என்று அதே கட்டுரையில் எழுதினார். 1949-ல் அவர்களது வளர்ப்பை உறைய வைக்கும் ஃப்ரிட்ஜுடன் ஒப்பிட்டார். இத்தனைக்கும் 1941-ல் தாய்மார்களுக்கு ஆதரவாகத் தனிப் புத்தகமே எழுதியவர்! ஃப்ரிட்ஜ் வார்த்தை பரவியது. 1967-ல் புருனோ பெட்டல்ஹெய்ம் என்பவர் அதைப் பெரிய கோட்பாடாக்கிப் புத்தகம் போட்டார். ஒரு தலைமுறை அம்மாக்கள், குழந்தையின் நிலைக்கு நாம்தான் காரணம் என்று குற்ற உணர்வில் புழுங்கினார்கள்.

1969-ல் வாஷிங்டனில் நடந்த ஆட்டிசப் பெற்றோர் சங்கக் கூட்டத்தில், 75 வயசு கேனர் மேடையேறி, பெற்றோர்மேல் குற்றமில்லை என்று அறிவித்தார். இந்த நிலை பிறவியிலேயே வருவது என்று தன் முதல் கட்டுரையிலேயே எழுதியிருந்ததையும் நினைவூட்டினார். ரொம்ப லேட்தான். 1981 ஏப்ரல் 3-ம் தேதி, 86 வயசில் காலமானார்.

டொனால்டு? கல்லூரிப் பட்டம் வாங்கினார், சொந்த ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாகவே பல நாடுகளைச் சுற்றினார். 2023-ல் 89 வயசில் இறந்தார்.

செஞ்சியிலிருந்து எங்கே போகலாம்?

ஆட்டிசம் மூளை வளர்ச்சி சார்ந்த நிலை. இன்று 'தீவிர சிகிச்சை' என்றால் அட்மிஷன் போட்டுப் பூட்டி வைப்பது இல்ல. பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி, விளையாட்டு வழியாகப் பழக்குவது, பெற்றோருக்கே பயிற்சி தருவதுதான். ஒரு வயசில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை, ஒன்றரை வயசில் விரல் நீட்டிக் காட்டவில்லை, பேசிய வார்த்தை நின்றுபோச்சு என்றால் 3 வயசு வரை காத்திருக்க வேண்டாம். முதலில் காது பரிசோதனை செய்வார்கள்.

அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில், மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் விசாரிக்கலாம். புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., சென்னை முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் ஆகியவையும் உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. 'நிராமயா' காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

மேல்மலையனூருக்கும் போங்க, தப்பில்ல. அதற்காக டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப் போட வேண்டாம். போகும்போது குழந்தை வீட்டில் எப்படி இருக்கிறது என்பதை செல்போனில் வீடியோ எடுத்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோங்க. 33 பக்கம் தேவையில்லை, இரண்டு பக்கம் போதும்.