பத்திரிகையால் ஒரு சமூகத்தைத் திரட்டியவர்: தமிழவேள் கோ. சாரங்கபாணி

பிரிக்பீல்ட்ஸ்: துன் சம்பந்தன் சாலையோரக் கடைகளில் தமிழ் நாளிதழ்கள் இன்றும் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் கைநீட்டி வாங்குபவர்களில் பெரும்பாலோர் மூத்தவர்கள். இளையோருக்குச் செய்தி கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. 1924-இல் கோலாலம்பூரில் பிறந்த தமிழ் நேசன், 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுபோனது. தமிழ்ப் பத்திரிகை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் நம்மிடையே உண்டு.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடுபவர்கள் ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் கோலாலம்பூரில் வாழ்ந்தவர் அல்லர். சிங்கப்பூரில் இருந்துதான் பத்திரிகை நடத்தினார். ஆனால் 1965 வரை ஜோகூர் பாலத்தின் இருபுறமும் இருந்த தமிழர்கள் ஒரே வாசகர் கூட்டம். அவர் எழுதியது கிள்ளான் தோட்டத்து லயத்திலும் படிக்கப்பட்டது, சிங்கப்பூர் துறைமுகத்திலும் படிக்கப்பட்டது. அவர்தான் தமிழ் முரசு நாளிதழை வளர்த்தெடுத்த தமிழவேள் கோ. சாரங்கபாணி.

திருவாரூரிலிருந்து கப்பலில்

கோவிந்தசாமி சாரங்கபாணி 1903-இல் தமிழ்நாட்டின் திருவாரூரில் பிறந்தார். 1924-இல், இருபத்தொரு வயதில், சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அந்தக் காலத்தில் கப்பலேறிய தமிழர்களில் பெரும்பாலோர் பால்மரம் வெட்டவும், ரயில் பாதை போடவும், துறைமுகத்தில் மூட்டை தூக்கவும் வந்தவர்கள். சாரங்கபாணிக்குக் கல்வி இருந்தது; கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. ஆனால் மனம் கணக்குப் புத்தகத்தில் நிற்கவில்லை. பெரியாரின் குடி அரசு இதழும் சுயமரியாதைக் கருத்துகளும் அவரை இழுத்துக்கொண்டன.

1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயா வந்தார். ஈப்போவில் தமிழர் மாநாடு நடந்தது. அந்தப் பயணம் இங்கிருந்த படித்த இளைஞர்கள் பலரைத் தட்டி எழுப்பியது. அதே காலத்தில் சிங்கப்பூரில் வெளிவந்த முன்னேற்றம் என்ற வார இதழில் சாரங்கபாணி பொறுப்பேற்றார். 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானபோது அதன் முன்னணியில் நின்றார். அந்தச் சங்கத்தின் குரலாக 1935 ஜூலை 6-ஆம் நாள் தமிழ் முரசு பிறந்தது. முதலில் வார இதழ், 1937-இல் நாளிதழ். சங்கத்தின் ஏடாகத் தொடங்கியது விரைவிலேயே சாரங்கபாணியின் பொறுப்புக்கு வந்தது. சாகும்வரை அவர் அதை விடவில்லை.

சாதி பார்க்கக் கூடாது என்று எழுதியவர், தம் வாழ்க்கையில் இனத்தையும் பார்க்கவில்லை. லிம் பூன் நியோ என்ற சீனப் பெரானாக்கான் பெண்மணியை மணந்துகொண்டார். 1930-களில் அது சாதாரணச் செயல் அல்ல.

நிறுத்து என்றதும் செய் என்றதும்

தொடக்க ஆண்டுகளில் முரசு பெரும்பாலும் கண்டிக்கும் குரலில் பேசியது. சாதிப் பிரிவினை வேண்டாம், கள் வேண்டாம், தைப்பூசத்தில் அலகு குத்திக் காவடி எடுக்க வேண்டாம், தீ மிதிக்க வேண்டாம் என்று தொடர்ந்து எழுதியது. சீர்திருத்தச் சங்க மேடைகளிலும் இதே பேச்சுதான்.

இதன் பலன் என்ன? நேர்மையாகப் பார்த்தால் கலவையானது. கள்ளுக்கடைகள் தோட்டங்களில் பல ஆண்டுகள் நீடித்தன. காவடியோ குறையவே இல்லை. தைப்பூசத்தன்று பத்துமலையில் நிற்பவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு மனிதன் தன் பக்தியையும் பழக்கத்தையும் நாளிதழின் கண்டிப்புக்காக விட்டுவிடுவதில்லை. அதுவும் பகலெல்லாம் தண்டலிடமும் கிராணியிடமும் ஏச்சு வாங்கியவனுக்குப் பத்திரிகையும் ஏசினால் கசக்கத்தான் செய்யும்.

போருக்குப் பிறகு வந்த முரசு வேறு வழியில் நடந்தது. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது நின்ற நாளிதழ், 1945-இல் மீண்டும் வெளிவந்தது. 1946-இல் இந்தியன் டெய்லி மெயில் என்ற ஆங்கில நாளிதழையும் சாரங்கபாணி தொடங்கினார். தமிழருக்குத் தமிழில் சொல்வதோடு, ஆட்சியாளருக்கும் மற்ற இனத்தாருக்கும் அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மக்கள் தொடர்பு என்று இன்று பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும் பாடத்தை அவர் அன்றே தொழிலாகச் செய்தார்.

இந்தக் காலத்தில் முரசு, நிறுத்து என்பதைவிடச் செய் என்று அதிகமாகச் சொன்னது. அப்போதுதான் அதன் வலிமை வெளிப்பட்டது.

ஒரு நாள், ஒரு வெள்ளி, ஒரு பக்கம்

முதலில் ஒரு நாள். 1952 பொங்கலையொட்டித் தமிழர் திருநாள் கொண்டாடப்பட்டது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேறுபாடும் சாதி வேறுபாடும் இல்லாமல், தமிழ் பேசுகிறவர் யாராயினும் ஒன்றாகக் கூடும் நாளாக அது அமைந்தது. பேச்சுப் போட்டி, நாடகம், விளையாட்டு என்று ஊர் ஊராகப் பரவியது. தோட்டத்துப் பிள்ளை மேடையேறித் தமிழில் பேசும் வாய்ப்பைப் பெற்றது அத்தகைய விழாக்களில்தான்.

இரண்டாவது ஒரு வெள்ளி. அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கும் பேச்சு வந்தது. அதில் எந்த மொழிக்கு முதன்மை என்ற கேள்வி எழுந்தது. நாட்டிலுள்ள இந்தியரில் மிகப் பெரும்பான்மையினர் தமிழராக இருக்க, சமஸ்கிருதத்தை முன்னிறுத்தும் பரிந்துரை வந்தது. முரசு எதிர்த்து எழுதியது, எழுதியதோடு நிற்கவில்லை. தமிழ் எங்கள் உயிர் என்ற பெயரில் நிதி திரட்டும் இயக்கம் நடத்தியது. ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தால் போதும் என்றது. பல்கலைக்கழக வாசலையே பார்த்திராத தொழிலாளர்கள் கொடுத்த காசும் அதில் சேர்ந்தது. 1956-இல் துறை அமைந்தபோது தமிழே அதன் முதன்மை மொழியாயிற்று.

1959-இல் அந்தத் துறை கோலாலம்பூருக்கு வந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து சில நிமிடப் பயணத்தில் இருக்கும் பந்தாய் பள்ளத்தாக்கில் அது இன்றும் இயங்குகிறது. அதன் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகளின் முயற்சியால்தான் 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அங்கே இன்று தமிழ் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும், தங்கள் தாத்தா பாட்டிகளும் அந்த நிதிக்கு ஒரு வெள்ளி கொடுத்திருக்கக் கூடும் என்று?

மூன்றாவது ஒரு பக்கம். 1950-களில் முரசு மாணவர்களுக்காக மாணவர் மணிமன்ற மலர் என்ற பகுதியை வெளியிட்டது. பள்ளிப் பிள்ளைகள் எழுதி அனுப்பினார்கள்; பெயர் அச்சில் வந்தது. எழுதியவர்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து ஊர் ஊராக மணிமன்றங்கள் அமைத்தார்கள். மலேசியத் தமிழ் இளைஞர் மணிமன்றங்களின் வேர் இதுதான். நம் மூத்த எழுத்தாளர்கள், ஆசிரியர்கள் பலர் எழுதப் பழகியது இப்படித்தான். ஒரு செய்தித்தாளின் பக்கம் ஓர் இயக்கமாக மாறியது.

பாரம் நிரப்பிய பத்திரிகை

சாரங்கபாணி செய்ததிலேயே மிக அவசரமான வேலை குடியுரிமை பற்றியது. பலர் இரண்டு மூன்று ஆண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்பும் எண்ணத்தில் வந்தவர்கள். பிள்ளை குட்டிகள் இங்கேயே பிறந்து வளர்ந்த பிறகும் அந்த எண்ணம் விடவில்லை. ஆட்சி மாறப்போகிறது, சட்டம் மாறப்போகிறது, இங்கே வாழ்பவர்கள் இங்கேயே பதிந்துகொள்ள வேண்டும் என்று முரசு திரும்பத் திரும்ப எழுதியது. 1957-இல் சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாரம் நிரப்பித் தரும் ஏற்பாடுகளிலும் சாரங்கபாணி இறங்கினார்.

இதன் அருமை பாலத்தின் இந்தப் பக்கத்தில் பிறகு புரிந்தது. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் வைத்திருக்க வேண்டும் என்றது. 1969 மே 13 கலவரத்துக்குப் பின் அது கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது, ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். அவர்களில் பலருக்குப் பதிந்துகொள்ளும் தகுதி இல்லாமல் இல்லை. உரிய நேரத்தில் உரிய தகவல் வந்து சேரவில்லை, அல்லது வந்ததை எடுத்துச் சொல்லி வழிகாட்ட ஆள் இல்லை. சிவப்பு அடையாள அட்டையோடு இன்றும் முதியவர்கள் இருக்கிறார்கள் என்றால், அதன் கதை அங்கேதான் தொடங்குகிறது.

சட்டத்தின் கயிற்றில் நடந்தவர்

அந்தக் காலத்தில் பத்திரிகை நடத்துவது ஆபத்தில்லாத தொழில் அல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் தமிழ் நேசனில் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன். மே மாதம் அவர் கைது செய்யப்பட்டு, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கைதை எதிர்த்த போராட்டத்தில் படையினர் சுட்டதில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். ஒரு பத்திரிகைக்காரரின் குரல் எந்த அளவுக்கு அஞ்சப்பட்டது என்பதற்கு அதுவே சான்று.

1948-இல் அவசர காலம் வந்தது. அச்சகச் சட்டமும் தேச நிந்தனைச் சட்டமும் அதே ஆண்டில் மலாயாவில் வந்தன. பத்திரிகை நடத்த உரிமம் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அந்தப் பழைய சட்டத்தின் வாரிசுதான் 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம். 1987 ஓப்ராசி லாலாங்கின்போது தி ஸ்டார், சின் சியூ, வாத்தான் ஆகிய ஏடுகளின் உரிமம் பறிக்கப்பட்டதும் அதன் கீழ்தான். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் விதி 2012-இல்தான் நீங்கியது.

இப்படிப்பட்ட சூழலில் சாரங்கபாணி அரசாங்கத்தோடு நேருக்கு நேர் மோதும் வழியை எடுக்கவில்லை. மனு கொடுத்தார், தூது போனார், கூட்டம் கூட்டித் தீர்மானம் போட்டார். மிதவாதி என்று அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் தமிழ் சிங்கப்பூரின் ஆட்சிமொழிகளில் ஒன்றாக அமைந்ததில் அந்தப் பொறுமையான வேலைக்கும் பங்கு உண்டு.

சொந்த வீட்டில் எழுந்த போர்

அவர் வாழ்க்கையில் சங்கடமான ஓர் அத்தியாயமும் இருக்கிறது. தொழிலாளர் நலனைப் பேசிய தமிழ் முரசின் ஊழியர்களே 1963-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாளிதழ் பல மாதங்கள் வெளிவரவில்லை. 1964-இல் தமிழ் மலர் என்ற போட்டி நாளிதழும் சிங்கப்பூரில் பிறந்தது. முரசு மீண்டும் வந்தது என்றாலும் பழைய செல்வாக்கு அப்படியே திரும்பவில்லை. அடுத்த ஆண்டே சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. வாசகர் கூட்டமும் இரண்டாகப் பிரிந்தது.

இதை மறைத்து அவரைப் புகழ்வதில் பயனில்லை. முரசில் முதலாளியும் அவரே, ஆசிரியரும் அவரே, இயக்கத் தலைவரும் அவரே. சமூகத்துக்காக உழைக்கிறோம் என்று நம்பும் பத்திரிகையில் ஊழியரின் சம்பளம் பின்னுக்குத் தள்ளப்படுவது எளிது. தலைவரைக் கேள்வி கேட்க வேண்டிய பத்திரிகையே தலைவரின் கையில் இருந்தால், கேட்பது யார்? மலேசியத் தமிழ் நாளிதழ்கள் பலவும் அரசியல்வாதிகளோடு நெருங்கி நின்ற வரலாற்றைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

விட்டுச் சென்றது

சாரங்கபாணி 1974 மார்ச் மாதத்தில் சிங்கப்பூரில் காலமானார். முரசைக் குடும்பத்தினர் நடத்தினர். 1995-இல் அது சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. இன்றும் வெளிவருகிறது.

அவர் வாழ்க்கையில் தெளிவாகத் தெரியும் ஒன்று உண்டு. மக்களைத் திட்டியபோது பத்திரிகையால் பெரிதாக எதையும் மாற்ற முடியவில்லை. அவர்கள் கையில் ஒரு வேலையைக் கொடுத்தபோது மாற்ற முடிந்தது. கொண்டாட ஒரு நாள், கொடுக்க ஒரு வெள்ளி, எழுத ஒரு பக்கம், நிரப்ப ஒரு பாரம்.

இன்று நம்மிடம் வாட்ஸ்அப் குழுக்கள் ஏராளம். திட்டுவதற்கும் பகிர்வதற்கும் குறைவில்லை. ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு எந்த அலுவலகத்தில் எந்த ஆவணத்தோடு போக வேண்டும், உபகாரச் சம்பள விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்பது போன்ற செய்தி எத்தனை பேருக்கு நேரத்தில் போய்ச் சேருகிறது? காகிதத்திலோ கைப்பேசியிலோ, அந்த வேலையைச் செய்யும் தமிழ் ஊடகம் எதுவானாலும் அது சாரங்கபாணி போட்ட பாதையில்தான் நடக்கிறது.