ஊவா மலையைக் கடந்து சென்ற அன்னை

பூனாகலை மலைச்சரிவில் வளர்ந்த என்போன்றோர்க்கு, காந்தியடிகள் 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதுளைக்கு வந்தார் என்பது இளமையிலேயே செவிவழி எய்திய செய்தி. பெரியவர்கள் அதைக் கூறும்போதெல்லாம் அவர் ஒருவரையே கூறினார்கள். அவருடன் இலங்கைக்கு வந்து, மலைநாட்டைச் சுற்றி, வடக்கே யாழ்ப்பாணம் வரை சென்று, பின் கடல் கடந்து தாயகம் மீண்ட ஓர் அம்மையாரைப்பற்றி ஒருவரும் சொல்ல நான் கேட்டதில்லை. கஸ்தூரிபாவின் வரலாற்றைப் பிற்காலத்தில் படித்தபோதே அக்குறை எனக்குப் புலப்பட்டது.

கதர் நிதி திரட்டுவதற்காக அமைந்த பயணம் அது. மாத்தளைக் கூட்டத்தில் அடிகள் ஒரு மயக்கத்தைத் தெளிவிக்க நேர்ந்தது. கஸ்தூரிபாவை அவருடைய அன்னை என்று யாரோ கருதிவிட்டனர். அப்பிழை மன்னிக்கத்தக்கதே என்றும், பல்லாண்டுகளாகத் தமக்கு அன்னையின் இடத்தில் இருந்து வருபவர் அவரே என்றும் அடிகள் விளக்கினார். பெருமைகளெல்லாம் தமக்கு, பாடுகளெல்லாம் மனைவிக்கு என்று இருவரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டிருப்பதாகவும் நகைச்சுவையோடு கூறினார். அடிகளைவிடச் சில மாதங்களே மூத்தவர் அம்மையார். அந்த நகைச்சுவையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்போடு ஒரு நெருடலும் தோன்றும். சமைப்பதும் துவைப்பதும் மட்டுந்தானா அவர் வரலாறு?

போர்பந்தரில் வணிகர் குடும்பமொன்றில் 1869ஆம் ஆண்டு பிறந்தவர் கஸ்தூரிபா. பதின்மூன்று வயதில் மணம் நிகழ்ந்தது. எழுத்தறியாமல் இல்லறம் புகுந்தவர், பின்னர் சிறிது படிக்கக் கற்றார். 1896ஆம் ஆண்டின் இறுதியில் கணவரோடும் பிள்ளைகளோடும் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். பிளேக் நோயச்சத்தைக் காரணங்காட்டி, டர்பன் துறைமுகத்துக்கு வெளியே 23 நாட்கள் அக்கப்பலைத் தடுத்து வைத்தனர். மண்டபம் முகாமில் நோய்த்தடைக் காவலில் நாட்களை எண்ணிய நம் முன்னோர்க்கு அத்தகைய காத்திருப்பின் பொருள் நன்கு விளங்கும்.

டர்பனில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை அடிகள் தம் சுயசரிதையில் ஒளிவுமறைவின்றி எழுதியுள்ளார். தாழ்த்தப்பட்ட பெற்றோர்க்குப் பிறந்த எழுத்தர் ஒருவரின் மலச்சட்டியைக் கண்ணீரோடு எடுத்துச் சென்றார் கஸ்தூரிபா. முகமலர்ச்சியோடு செய்யவேண்டும் என்று சினந்த கணவர், அவர் கையைப் பற்றி இழுத்து வாயிலுக்கு வெளியே தள்ள முற்பட்டார். அந்நிய மண்ணில் தமக்குப் போக்கிடம் ஏது என்று கேட்டு, அம்மையார் அவரை நாணச் செய்தார். சாதி வேற்றுமையை விட அம்மையார்க்குக் காலம் தேவைப்பட்டது. ஆணவத்தை விட அடிகளுக்கும் காலம் தேவைப்பட்டது. அகிம்சையைத் தாம் மனைவியிடமிருந்து கற்றதாக அடிகள் பின்னாளில் கூறியதன் உட்பொருள் இதுவே என்று கருதுகிறேன்.

1913ஆம் ஆண்டு, கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்று பொருள்படும் தீர்ப்பு ஒன்று அந்நாட்டில் வெளிவந்தது. கஸ்தூரிபா முதல் அணியினருடன் டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து, மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்று, மாரிட்ஸ்பர்க் சிறை புகுந்தார். டிரான்ஸ்வாலைச் சேர்ந்த தமிழ்ப் பெண்களோ நியூகாசில் சுரங்கத் தொழிலாளரிடம் சென்று, தலைக்கு மூன்று பவுன் வரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ய எழுப்பினர், அவர்களும் சிறைப்பட்டனர். சிறை சென்ற இளநங்கை வள்ளியம்மை, நோயுற்று வெளிவந்து, 1914 பெப்ரவரி 22ஆம் திகதி உயிர்நீத்தாள். அவ்வாண்டிலேயே வரி நீங்கிற்று, திருமணங்களும் ஏற்கப்பட்டன.

எனவே 1927இல் ஊவா மலைக்கு வந்தவர் வெறும் துணைவியல்லர். தோட்டத் தொழிலாளருக்காகச் சிறைக்கஞ்சி குடித்தவர். நேட்டாலில் கரும்பு, இங்கே தேயிலை, மக்கள் ஒருவரே. பகலெல்லாம் கொழுந்துக் கூடை சுமந்து, மாலையில் லயத்து அடுப்பில் நெருப்பூதும் எங்கள் பெண்களின் உடன்பாடும் மாத்தளையில் அடிகள் சொன்ன உடன்பாடேயன்றோ!

நவம்பர் இறுதியில் தம்பதியர் யாழ்ப்பாணத்தில் விடைபெற்று இந்தியக் கரை சேர்ந்தனர். அதே கடலைத்தான் 1914 முதல் தலைமன்னார்க் கப்பலில் எம்மவர் கடந்தனர். 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென வகுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. 1984இல் அதுவும் நின்றது. பிறந்த மலையை விட்டுச் செல்லப் பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்டியவர்கள் பெரும்பாலும் பெண்களே. அவர்களைப்பற்றியும் எவரும் அதிகம் எழுதவில்லை.

1942 ஆகஸ்டில் அடிகள் கைதானபோது, அவர் பேசவிருந்த பம்பாய்க் கூட்டத்தில் தாமே பேசப் புறப்பட்ட கஸ்தூரிபாவும் கைதானார். பூனாவில் ஆகாகான் மாளிகைக் காவலிலேயே 1944ஆம் ஆண்டு மறைந்தார். அந்நாள் பெப்ரவரி 22; வள்ளியம்மை மறைந்து சரியாக முப்பது ஆண்டுகள். பெருமையைக் கணவருக்கு விட்டுக்கொடுத்த அம்மையார், சிறையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

பதுளைக்கு வந்த அடிகளைப்பற்றி மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர்கள், உடன் வந்தவரையும் இனிச் சேர்த்துச் சொல்லட்டும்.