தாயகம் திரும்பிய சாட்சி: வில்லியம் நிப்பும் ஜமைக்காவின் அடிமைகளும்

1832ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட கப்பலொன்றில் வில்லியம் நிப் என்னும் பாப்டிஸ்ட் போதகர் தம் மனைவி மேரியுடனும் குழந்தைகளுடனும் ஏறினார். ஏழாண்டு ஊழியத்துக்குப் பின் ஒரு மிஷனரிக் குடும்பம் தாயகம் திரும்புவது அக்காலத்தில் வியப்புக்குரியதன்று. ஆயினும் இக்குடும்பம் ஓய்வு தேடித் திரும்பவில்லை. ஃபால்மவுத் நகரில் அவர் நடத்திவந்த ஆலயம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டிருந்தது. அவரே கலகத்தைத் தூண்டியவர் என்று கைது செய்யப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டிருந்தார். கப்பல் கடலில் இருந்தபோதே, மே 23ஆம் நாள், மாண்டிகோ பே நகரின் சந்தைவெளியில் சாமுவேல் ஷார்ப் தூக்கிலிடப்பட்டார்.

அடிமை ஒழிப்பு வரலாறு எழுதியவர்கள் நெடுங்காலம் நிப்பின் பெயரை முன்னிறுத்தி ஷார்ப்பைப் பின்னால் தள்ளினர். இருவரையும் ஒன்றாக வைத்தே நிப்பின் வாழ்வை வாசிக்க இயலும்.

நிப் 1803ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நார்த்தாம்டன்ஷயரில் உள்ள கெட்டரிங் என்னும் சிற்றூரில் பிறந்தார். பிரிஸ்டலில் அச்சுத்தொழில் பயின்றவர். ஜமைக்காவில் பள்ளி ஆசிரியராயிருந்த அவருடைய அண்ணன் தாமஸ் அங்கேயே இறந்தார். அந்த இடத்தை நிரப்ப முன்வந்த வில்லியம், மேரியை மணந்த கையோடு கப்பலேறி 1825இல் கிங்ஸ்டனை அடைந்தார். புறப்படும்போது மிஷன் சங்கம் அவருக்கிட்ட கட்டளை தெளிவானது: தீவின் அரசியலிலும் குடியியல் விவகாரங்களிலும் தலையிடக்கூடாது. கரும்புத் தோட்டங்களில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான மனிதர்கள் உடைமைகளாக வைக்கப்பட்டிருந்த தீவில், நற்செய்தி சொல். ஆனால் சவுக்கைக் காணாதே என்பதே அதன் பொருள்.

அக்கட்டளையை நிப் முழுவதும் கடைப்பிடிக்கவில்லை. 1830இல் சவானா லா மார் நகரில் சாம் ஸ்வைனி என்ற அடிமை, போதகர் இல்லாத வேளையில் பிறரோடு கூடி இறைவேண்டல் செய்ததற்காகச் சவுக்கடியும் கடுங்காவலும் பெற்றார். தண்டனையை நேரில் பார்த்த நிப், சங்கிலியிடப்பட்ட அம்மனிதரோடு தெருவில் உடன் நடந்தார். நிகழ்ந்ததை நாளிதழில் எழுதினார். செய்தி இலண்டன் வரை சென்று, தண்டித்த நீதிபதிகள் இருவர் பதவி இழந்தனர்.

ஆனால் 1831 டிசம்பரில் அவர் எடுத்த நிலை வேறு. மாண்டிகோ பே பாப்டிஸ்ட் சபையில் டீக்கனாக இருந்த ஷார்ப், எழுத்தறிந்த அடிமை. செய்தித்தாள்களைப் படித்து, இங்கிலாந்தில் நடக்கும் விவாதங்களைத் தோட்டந்தோறும் எடுத்துச் சொன்னவர். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்தபின் கூலியின்றி எவரும் வேலைக்குத் திரும்புவதில்லை என்பது அவர் வகுத்த திட்டம். இரவு நேர இறைவேண்டல் கூட்டங்களே அத்திட்டத்தின் அமைப்பு வலையாயின. டிசம்பர் 27ஆம் நாள் சால்ட்டர்ஸ் ஹில் ஆலயத் திறப்புக்கு வந்திருந்த மக்களிடம் நிப், விடுதலை ஆணை வந்துவிட்டது என்பது பொய், வேலைக்குத் திரும்புங்கள் என்று அறிவுறுத்தினார். கேட்டவர்கள் மனம் கசந்தனர். அன்றிரவே கென்சிங்டன் தோட்டம் எரிந்தது.

ஏறத்தாழ 60,000 பேர் இதில் கலந்துகொண்டதாகக் கணக்கிடப்படுகிறது. கொல்லப்பட்ட வெள்ளையர் 14 பேர். மோதலில் மாண்ட அடிமைகள் 200க்கும் மேல். அதன்பின் விசாரணை என்ற பெயரில் கொல்லப்பட்டோர் 300க்கும் மேல். பாப்டிஸ்டுகளே மூலகாரணம் எனத் தோட்ட முதலாளிகள் ஆலயங்களை இடித்தனர். நிப் அடங்கிப்போகச் சொன்னவர் என்பது அவரைக் காக்கவில்லை. தாம் தடுக்க முயன்ற போராட்டத்தின் பெயரால் தண்டிக்கப்பட்ட அந்த அனுபவமே அவரை மாற்றியது என்று கருதுகிறேன்.

சக ஊழியர்கள் அவரைத் தங்கள் சார்பாளராக இங்கிலாந்துக்கு அனுப்பினர். ஜூன் மாதம் குடும்பம் கரையிறங்கியபோது நாடாளுமன்றச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறிய செய்தி காத்திருந்தது. சங்கத்தின் நிர்வாகிகள் நிதானம் வேண்டினர்; இலண்டன் ஸ்பா ஃபீல்ட்ஸ் ஆலயத்தில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் அவர் பேசத் தொடங்கியதும் பின்னாலிருந்து ஒருவர் மேலங்கியைப் பிடித்து இழுத்ததாகக் கூறுவர். நிப் நிறுத்தவில்லை. தம் மனைவியும் பிள்ளைகளும் தெருவில் நின்றாலும் அடிமைகளுக்காகப் பேசுவேன் என்ற பொருளில் அறிவித்தார். நாடாளுமன்றத்தின் இரு அவைக் குழுக்கள் முன்னும் சாட்சியமளித்தார். ஊரூராகச் சென்று, அடிமைமுறையை ஆதரித்துச் சொற்பொழிவாற்றிய பீட்டர் போர்த்விக்கை எதிர்த்து வாதிட்டார். 1833 ஆகஸ்டில் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டம் இரண்டு கோடிப் பவுண்டை இழப்பீடாக ஒதுக்கியது. அது உடைமையாளர்களுக்கு. அடிமைகளாயிருந்தோருக்கு ஒரு காசும் இல்லை. மாறாக, பயிற்சித் தொழிலாளர் என்ற பெயரில் கூலியில்லா உழைப்பு மேலும் சில ஆண்டுகள் விதிக்கப்பட்டது.

1834இல் குடும்பம் மீண்டும் ஜமைக்கா சென்றது. தாயகம் எது என்ற கேள்விக்கு அவர்கள் தந்த விடை அதுவே. விலை அதிகம்: அங்கே பிள்ளைகள் பலரை அவர்கள் இழந்தனர், 1837இல் 12 வயது மகன் வில்லியமும் இறந்தான். 1838 ஜூலை 31 நள்ளிரவில், முழு விடுதலை பிறக்கும் வேளையில், ஃபால்மவுத் சபையார் சவுக்கு, சங்கிலி, இரும்புக் கழுத்துப்பட்டை ஆகியவற்றைச் சவப்பெட்டியிலிட்டுப் புதைத்தனர்.

விடுதலை பெற்றவர்களின் குடிசையும் தோட்டத்துண்டும் முதலாளியின் நிலத்தில் இருந்தன. வாடகையை உயர்த்தியும் வெளியேற்றுவதாக மிரட்டியும் பழைய கூலிக்கே அவர்களை வேலைக்கு இழுத்தனர். குடியிருக்கும் மண் எவருடையதோ அவரிடமே உழைப்பும் அடங்கிக் கிடக்கும் என்பது இவ்விதழின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நிப் இங்கிலாந்து நண்பர்களிடம் கடன் பெற்று நிலம் வாங்கி, மனைகளாகப் பிரித்து, விடுதலை பெற்றவர்களுக்கே விற்றார். இத்தகைய சுதந்திரக் கிராமங்களில் சொந்த நிலம் உடையோர் வாக்குரிமைக்கும் தகுதி பெற்றனர். ஒரு கிராமத்துக்குத் தாம் பிறந்த கெட்டரிங்கின் பெயரையே இட்டார். அங்கே மேரிக்கும் பிள்ளைகளுக்குமாகச் சபையார் ஒரு வீடு கட்டிக்கொடுத்தனர்.

இக்கிராமங்கள் உழைப்பாளர்களுக்குப் பேரம் பேசும் வலிமை தந்ததும் முதலாளிகள் வேறு கைகளைத் தேடினர். 1845 மே மாதம் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைச் சுமந்த முதல் கப்பல் ஜமைக்கா வந்தது. நம் மக்களின் கடல்கடந்த கூலி வரலாறு தொடங்குவது, விடுதலை பெற்றவர்கள் கூலி கேட்ட இடத்திலிருந்துதான்.

அதே ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் மஞ்சள் காய்ச்சலால் நிப் மறைந்தார். வயது 42. ஃபால்மவுத்தில் அவரை அடக்கம் செய்தபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். ஜமைக்கா அரசு 1975இல் ஷார்ப்பைத் தேசிய வீரராக அறிவித்தது. நிப்புக்கு நாட்டின் உயர் விருதொன்றை 1988இல் வழங்கியது. ஷார்ப் தூக்கிலிடப்பட்ட சந்தைவெளி இன்று அவர் பெயராலேயே சாம் ஷார்ப் சதுக்கம் என்று அழைக்கப்படுகிறது.