சொல்லின் வேர் தேடிய இசிதோர்

சொல்லின் வேரை அறிந்தால் பொருளின் இயல்பும் விளங்கும் என நம்பி உழைத்த பெருமக்களுள் ஒருவர், ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரப் பேராயர் இசிதோர். கி.பி. 560 அளவில் பிறந்த அவருக்குக் கல்வி புகட்டியவர் தமையனார் லேயாந்தர். தமையனார் மறைந்தபின் பேராயர் பொறுப்பேற்று, 636இல் தாம் மறையும்வரை அப்பணியில் நிலைத்தார். 633இல் தொலேதோ நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்திற்கும் அவரே தலைமை தாங்கினார்.

மேற்கே ரோமப் பேரரசு சரிந்துவிட்ட காலம் அது. பழைய நூல்களிற் கிடந்த அறிவையெல்லாம் திரட்டி, 'சொற்பிறப்புகள்' என்று பொருள்படும் இலத்தீன் கலைக்களஞ்சியத்தை அவர் இயற்றினார். நண்பர் பிரவுலியோ அதனைப் பல நூல்களாகப் பகுத்தார். இன்று 20 நூல்களாக வழங்குகிறது.

அதன் 11, 12ஆம் நூல்களில் கற்பனை உயிர்கள் அணிவகுக்கக் காண்கிறோம். அச்சந்தரும் விந்தையுயிரைக் குறிக்கும் 'மான்ஸ்த்ரும்' என்னும் சொல், எச்சரித்தல் என்னும் பொருளடியாகப் பிறந்தது என்றார். இக்கால மொழியியலாரும் அதனை ஏற்கின்றனர். பார்வையாலேயே கொல்லும் பாம்பாகிய 'பசிலிஸ்குஸ்', சிற்றரசன் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்; பாம்புகளுக்கு அது அரசன் என்பதே காரணம் என்றார். பாதி மனிதனும் பாதி குதிரையுமான 'சென்டாரை' அவர் அப்படியே நம்பிவிடவில்லை. போர்க்களத்தில் விரைந்த தெசாலி நாட்டுக் குதிரைவீரர், தொலைவில் ஓருடலாய்த் தோன்றியமையால் பிறந்த கதை அது என்னும் விளக்கத்தைப் பதிவு செய்தார்.

சறுக்கிய இடமும் உண்டு. 'பீனிக்ஸ்' பறவைக்கு அதன் செந்நிறத்தால் பெயர் வந்தது என்றவர், ஒப்பற்றதை அரபியர் அப்படி அழைப்பர் என்றும் எழுதினார். அரபியில் அதற்குரிய சொற்கள் வாஹித், ஃபரீத் என்பதை நம் மாணவர் அறிவர். கேள்வியுற்றதை அம்மொழியாரிடம் கேட்டுத் தெளியாமையின் விளைவு இது.

711இல் முஸ்லிம்கள் ஸ்பெயினில் கால்பதித்தனர். செவில் நகரம் இஷ்பீலியா ஆயிற்று. 1063இல் அந்நகர மன்னர் அல்-முஃததிதின் இசைவுடன் இசிதோரின் உடலெச்சங்கள் லெயோன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவர் நூலோ 1472இல் ஆக்ஸ்பர்க் நகரில் அச்சேறியது.

ஒலியொப்புமை ஒன்றையே நம்பி வேர்ச்சொல் கூறும் ஆசை தமிழ் பயிலும் நம்மையும் விடுவதில்லை. இசிதோரின் தேடலை நாம் மேற்கொள்வோம். அவர் சறுக்கிய இடத்தில் நின்று, கேட்டுத் தெளிவோம்.