சட்டப் பாறையில் நின்ற கவிஞர்

நாவும் நினைவுமே ஆட்சி செய்த நாடு ஐஸ்லாந்து. நார்வேயிலிருந்து சென்று குடியேறியோர் தமக்கென மன்னன் ஒருவனை ஏற்காது, கி.பி. 930 அளவில் ‘ஆல்திங்’ என்னும் பேரவையை நிறுவினர். திங்வெல்லிர் பள்ளத்தாக்கில், சுவரென நிமிர்ந்த கரும்பாறைகளின் அருகே, திறந்தவெளியில் அது கோடைதோறும் கூடியது. சட்டமுரைப்பவர் சட்டப் பாறையில் நின்று, ஆண்டுக்கு மூன்றிலொரு பங்காக, மூன்றாண்டுகளில் நாட்டின் சட்டம் முழுவதையும் ஓதுவது மரபு. பின்னாளில் சட்டம் ஏட்டில் ஏறிய போதும் அப்பதவியின் மதிப்புக் குன்றவில்லை. அதனை இருமுறை வகித்தவர் கவிஞர் ஸ்நோர்ரி ஸ்துர்லுசொன்.

1179-இல் பிறந்த ஸ்நோர்ரி, குழந்தைப் பருவத்திலேயே யோன் லோப்ட்ஸன் என்னும் பெருந்தலைவரின் இல்லத்தில் வளர்ப்பு மகனாகச் சேர்ந்து, சட்டமும் வரலாறும் யாப்பும் கற்றார். 1215-இல் சட்டமுரைப்பவரானார். 1218-இல் நார்வே சென்று அரசவையின் நட்பைப் பெற்றார். நாட்டை அம்மன்னர் ஆட்சிக்குட்படுத்த முயல்வதாக உறுதியும் அளித்துத் திரும்பினார். எனினும் அதற்கென அவர் பெரிதாக எதுவும் செய்திலர். 1222 முதல் 1231 வரை மீண்டும் அப்பதவியில் இருந்தார்.

அந்நாளில் பழங்கவிதை மறையும் நிலையில் இருந்தது. பொன்னைச் ‘சிஃப் தேவியின் கூந்தல்’ எனும் உருவகம், பழைய தெய்வக் கதை அறியாதார்க்கு எவ்வாறு விளங்கும்? கிறித்தவம் வேரூன்றி இருநூறாண்டு கடந்த பின்னர், இளங்கவிஞர்க்கென அக்கதைகளையும் உருவகங்களையும் யாப்பு வகைகளையும் ‘எட்டா’ என்னும் நூலில் தொகுத்தார் ஸ்நோர்ரி. தாமே பாடிய 102 செய்யுட்களால் யாப்பு வகைகளை விளக்கினார். நார்வே மன்னர் வரலாறான ‘ஹைம்ஸ்கிரிங்லா’வும் அவர் ஆக்கமென்றே கொள்ளப்படுகிறது.

பேரவைக்குச் சட்டம் இயற்றவும் தீர்ப்பு வழங்கவும் உரிமை இருந்தது. தீர்ப்பை நிறைவேற்றும் படை இல்லை. வழக்கில் வென்றவனே தன் வலிமையால் அதனை நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். இக்குறையினால் தலைவர்களின் பகை பெருகியது. செல்வமும் செல்வாக்கும் நாடிய ஸ்நோர்ரியும் அப்பகையில் பங்கு கொண்டவரே. 1239-இல் மன்னர் ஹாகோனின் தடையை மீறி நார்வேயிலிருந்து தாயகம் திரும்பினார். 1241 செப்டம்பரில், மன்னரின் ஆணை பெற்றிருந்த முன்னாள் மருமகன் கிஸ்ஸுரின் ஆட்கள் இரவில் அவரது ரேய்க்ஹோல்ட் இல்லத்தைச் சூழ்ந்தனர். நிலவறையில் ஒளிந்திருந்த முதிய கவிஞரை ஐவர் கண்டுபிடித்துக் கொன்றனர். வாழ்நாளெல்லாம் சட்டம் பேசியவர்க்கு வழக்குமில்லை; தீர்ப்புமில்லை.

1262-இல் தொடங்கி ஈராண்டுகளுக்குள் ஐஸ்லாந்து நார்வே மன்னருக்கு அடங்கியது. எழுநூறு ஆண்டுகளை அணுகும் வேளையில், 1944 ஜூன் 17 அன்று, அதே திங்வெல்லிரில் மக்கள் கூடிக் குடியரசை அறிவித்தனர். ஸ்நோர்ரி தேடிய செல்வமும் பதவியும் அழிந்தன. இளங்கவிஞர்க்கென அவர் எழுதிய நூலோ, வடபுலத்துப் பழந்தெய்வங்களை உலகம் அறிவதற்கு இன்றும் வாயிலாக விளங்குகிறது.