சேனாதிபதி சாமுண்டராயரின் ஆண்மை

காரைக்கால் நகரை ஒட்டிய தலத்தெருவில் வாழ்வோர்க்கு ஆனித் திங்கள் மாங்கனித் திருவிழா புதிதன்று. அவ்விழாவில் அம்மையாரைப் போற்றுவோர் அவர் கணவன் பரமதத்தனைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மனைவியிடம் தன் அறிவுக்கு எட்டாத பெருமையைக் கண்டதும் அவ்வணிகன் அஞ்சினான்; கலமேறிச் சென்று, பாண்டி நாட்டுப் பட்டினமொன்றில் வேறு குடும்பம் அமைத்தான். அவன் தீயவன் அல்லன். பிறந்த பெண்மகவுக்கு அம்மையாரின் பெயரையே இட்டவன். பின்னர் அவர் அடியில் வீழ்ந்து வணங்கியவன். ஆயினும், தன்னினும் பெரிய ஒன்றைக் கண்ட கணத்தில் அதன்முன் நிலைத்து நிற்கும் திண்மை அவனிடம் இல்லை. இது பிற சமயத்தார் வரலாறாயினும், ஆண்மை என்பது யாது என்னும் வினாவை நமக்கும் எழுப்புகிறது. அவ்வினாவுக்குத் தம் வாழ்வால் விடை தந்த சிராவகர் ஒருவர் நம்மவருள் உண்டு.

அவர் சாமுண்டராயர். பத்தாம் நூற்றாண்டில் கங்க மன்னர் இரண்டாம் மாரசிம்மரிடத்தும், அவருக்குப்பின் இராசமல்லரிடத்தும் அமைச்சராகவும் சேனாதிபதியாகவும் விளங்கியவர். மாரசிம்மர் பல போர்களை வென்றபின், பங்காபுரத்தில் அஜிதசேன ஆசாரியரின் திருவடியில் சல்லேகனை நோற்று உடல் நீத்தவர். அவ்வாசாரியரே சாமுண்டராயருக்கும் குரு. வாளேந்திய கையே துறவுக்கும் உரியது என்பதைத் தம் அரசரிடமே அவர் கண்டிருந்தார்.

நொளம்பர் முதலியோருடன் பொருது பெற்ற வெற்றிகளால் வீரமார்த்தாண்டன், ரணரங்கசிங்கன் எனப் பல விருதுகள் அவருக்கு வாய்த்தன. அவற்றுள் ஒன்று நம்மைத் தயங்க வைக்கிறது. தம்பி நாகவர்மனைக் கொன்றவனைத் தேடிக் கொன்று பழிதீர்த்தமையால் அவர் சமரபரசுராமன் எனப்பட்டார். நாட்டைக் காக்க நேரும் விரோதி ஹிம்சை இல்லறத்தானுக்கு முற்றும் விலக்கப்பட்டதன்று. ஆனால் பழிவாங்குதலில் குரோதம் கலவாதிருத்தல் அரிது. இதை மூடி மறைத்து அவரைப் புகழ்வது நமக்கு அழகன்று. விளையாட்டாகவும் பொய் உரையாதவர் என்பதால் சத்திய யுதிஷ்டிரன் என்னும் பெயரும் அவருக்கு உண்டு. இவ்விரு விருதுகளும் ஒருவர் மீதே இருந்தன.

அவர் தம் சினத்தை எங்ஙனம் ஆளக் கற்றார்? நேமிசந்திர சித்தாந்த சக்ரவர்த்தியின் அடியில் மாணாக்கராய் அமர்ந்தார். ஜீவன், கர்மம் ஆகியவற்றின் நுட்பங்களை விரிக்கும் கோம்மடசாரம் அவர்பொருட்டு இயற்றப்பட்டு, கோம்மடர் என்னும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 978இல் அறுபத்துமூன்று சலாகா புருஷர்களின் சரிதத்தைக் கன்னட உரைநடையில் அவரே எழுதி முடித்தார்.

பௌதனபுரத்துப் பாகுபலி திருவுருவைத் தரிசிக்க அன்னை காளலதேவி விரும்பினார் என்றும், கனவில் வந்த ஆணைப்படி சாமுண்டராயர் சந்திரகிரியில் நின்று எதிர்க்குன்றின் மீது அம்பெய்தார் என்றும், அம்பு பட்ட பாறையில் திருவுரு புலப்பட்டது என்றும் மரபு கூறும். கற்பனையென்று தள்ளுவோர் தள்ளலாம். எத்தனையோ மார்புகளைத் துளைத்த வில், யாரையும் காயப்படுத்தாமல் விட்ட அம்பு அது என்று கொள்வதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு.

சிரவணபெளகொளத்தில் 981ஐ ஒட்டி எழுந்த, ஏறத்தாழ 58 அடி உயர அத்திருவுரு யாருடையது? பாகுபலி என்னும் பெயருக்கே தோள்வலி மிக்கவர் என்பது பொருள். பார்வைப் போரிலும் நீர்ப்போரிலும் மற்போரிலும் தமையன் பரதனை வென்று, அவனைத் தோள்மேல் தூக்கிய கணத்தில், மண்ணாசையின் இழிவுணர்ந்து மெல்ல இறக்கிவிட்டவர். நாட்டை அவனிடமே விட்டு, ஓராண்டு அசையாது நின்றார். கொடிகள் சுற்றின, காலடியில் புற்றெழுந்தது. தமையனுக்குத் துயர் விளைத்தோமே என்ற சிறு உறுத்தல் எஞ்சியிருந்தது. பரதனே வந்து வணங்க, அதுவும் நீங்கிக் கேவலஞானம் பிறந்தது. தம்பிக்காகப் பழிதீர்த்த சேனாதிபதி, தமையனை வென்றும் விட்டுக்கொடுத்த தம்பியின் திருவுருவை நிறுவினார். இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் தோள் வளர்க்கும் நம் இளைஞரைக் குறைகூறுவோர் அச்சிலையின் தோள்களை ஒருமுறை நோக்கவேண்டும். பாகுபலியும் மெலிந்தவராக நின்று துறக்கவில்லை.

சிலை எழுந்ததும் மானகஷாயம் எழுந்தது. முதல் அபிடேகத்தில் குடம் குடமாகச் சொரிந்த பால் இடைக்குக் கீழே இறங்கவில்லையாம். எளிய மூதாட்டி ஒருத்தி சிறு கத்தரிக்காய் ஓட்டளவு பாலுடன் வந்தாள். முதலில் ஏளனம் செய்தனர். பின்னர் இடம் தந்தனர். அவள் ஊற்றிய பால் திருவடிவரை நனைத்து வழிந்தோடியது. படைகளுக்கு ஆணையிட்டுப் பழகியவர், தம்மால் ஆகாததை ஒரு கிழவி செய்யக் கண்டார். அவர் சினக்கவில்லை, அவ்விடம் விட்டு அகலவும் இல்லை. தம் செருக்கை உணர்ந்து பணிந்தார். குள்ளகாயஜ்ஜி எனப்படும் அம்மூதாட்டியின் சிலை, கோம்மடரை நோக்கியவாறு வாயிற்புறத்தே இன்றும் நிற்கிறது.

பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை நிகழும் மகாமஸ்தகாபிடேகம் அண்மையில் 2018இல் நடந்தது. அங்குச் செல்லும் நம் குடும்பத்தார் திருவடியருகே குனிந்து பார்த்தல் வேண்டும். கன்னடத்தோடு தமிழிலும் ஒரு சிறு வரி பொறிக்கப்பட்டுள்ளது. இதனைச் செய்வித்தவர் சாமுண்டராசர் என்பதே அதன் செய்தி. அத்தனை விருதுகளுள் ஒன்றுகூட அவ்வரியில் இல்லை.