சினை ஊசியின் தாத்தா!

மாட்டுக்கு சினை ஊசி போடுறதைப் பார்த்திருப்பீங்க. அதைப் பெரிய அளவில் பண்ணைக்குக் கொண்டுவந்தவர், ரஷ்யாவில் 1870-ல் பிறந்த இலியா இவானோவ். ஆனா அவர் ஆரம்பிச்சது மாட்டில் இல்லை, குதிரையில்!

1901-ல் குதிரைகளுக்கென்றே செயற்கைக் கருவூட்டல் மையம் தொடங்கினார். இயற்கையாக 20, 30 பெண் குதிரைகளைச் சினையாக்கும் ஒரு பொலிகுதிரையால், இவர் முறையில் 500 வரை முடிந்தது.

சரி, விந்தை எப்படி எடுத்தார்? பெண் குதிரையின் பிறப்புறுப்புக்குள் சுத்தமான பஞ்சை வைத்து, ஆண் குதிரையை இணையவிட்டு, பிறகு பஞ்சைப் பிழிந்தார். அதாவது, எப்படியும் ஒரு நிஜ ஜோடி வேணும். பருவத்துக்கு வந்த பெண் குதிரையின் சிறுநீரை முகர்ந்து, மேலுதட்டைச் சுருட்டிக்கிட்டு நிற்குமே, அந்தக் கிளர்ச்சிதான் எல்லாத்துக்கும் ஆரம்பம். இன்னிக்குப் பண்ணைகளில் பொம்மைக் குதிரை மீது ஏறப் பழக்குறாங்க. அப்பவும் பல இடங்களில் பக்கத்தில் ஒரு பெண் குதிரை நிற்கும். ரொம்ப நேரம் உசுப்பினாலும் பிரச்னைதான். விந்தின் அளவு கூடும். ஆனா கூடுறதில் பெரும்பகுதி பசை போன்ற திரவம். விந்தணு அந்த வேகத்தில் கூடாது.

இவ்வளவு செய்தவரை உலகம் ஞாபகம் வெச்சிருப்பது வேற விஷயத்துக்கு. மனிதனையும் சிம்பன்சியையும் கலக்க 1926-ல் ஆப்பிரிக்காவின் கினி வரை போனார். படுதோல்வி. (நல்லவேளை!)

1930 டிசம்பரில் கைது. அல்மா-அட்டாவுக்கு நாடு கடத்தினாங்க. அங்கேயும் கால்நடைக் கல்வி நிலையத்தில்தான் வேலை. 1932 மார்ச்சில், 61 வயதில், பக்கவாதத்தில் இறந்துபோனார்.